ஸரேச்னி தொகுதி, பதினான்காம் எண் கட்டடம்

உட்காருங்கள் டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள், மின்விசிறிக் காற்று நேராக வரும். மூன்று மாடி ஏறி வந்திருக்கிறீர்கள், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டதா? நான் இரண்டு நாளாக வெளியே போகவில்லை, தெரியவில்லை.

தெரியும், தெரியும். கையெழுத்து. நீங்கள் பையில் கைவிடும்போதே தெரிந்துவிட்டது. கொடுங்கள், வாசிக்கிறேன். "உறையூர், மேற்படி முகவரியில் வசிக்கும் அழகர்சாமி மகன் வளவன் ஆகிய நான் இந்தியக் குடிமகன் அல்ல என்பதால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோரிய என் படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." அவ்வளவுதானே? போட்டுவிடுகிறேன். போட மாட்டேன் என்றா சொன்னேன்? முதலில் வடை, பிறகு கையெழுத்து. வடை ஆறினால் கல்லாகிவிடும். கையெழுத்து ஆறாது.

நீங்கள் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஐம்பது நிமிடம் இருந்தீர்கள். போன தடவை பதினைந்து நிமிடம். வண்டியை வழியில் நிறுத்திவிட்டேன் என்று சொல்லி ஓடினீர்கள். இன்றைக்கு இதில் கையெழுத்து விழுந்துவிட்டால் இந்த வீட்டில் உங்களுக்கு வேலை முடிந்தது, இனி வர வேண்டியதில்லை. உங்களுக்கு நல்லதுதான். பள்ளிக்கூடத்தில் பாடமும் எடுத்துவிட்டு, பட்டியல் சரிபார்க்க வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஏறி இறங்கினவன்தான்.

போன தடவை ஒன்று கேட்டீர்கள். "முப்பது வருஷம் ரஷ்யாவுல இருந்து, அந்த நாட்டுக் குடிமகனும் ஆகி, அங்க எலெக்ஷன் டூட்டியெல்லாம் பாத்த ஆள் நீங்க. இந்தியக் குடிமகன்னு எப்படி சார் டிக் போட்டீங்க?" நல்ல கேள்வி. கண்ணாடி போடாமல் எழுதினேன் டீச்சர். அவ்வளவுதான் விஷயம். வேறு என்ன இருக்கப் போகிறது?

சர்க்கரை போதுமா? ஜாம் கொஞ்சம் கலக்கட்டுமா? அங்கே அப்படித்தான் குடிப்போம். வேண்டாமா, சரி.

நான் இருந்த தொகுதியின் பெயர் ஸரேச்னி. ஆற்றுக்கு அக்கரை என்று அர்த்தம். வோல்காவின் இக்கரையில் கோட்டை, நாடகக் கொட்டகை, பணக்காரர்கள். அக்கரையில் ஆலை, டிராம், ஐந்து மாடிக் கட்டடங்கள், நாங்கள். நகரத்தின் அந்தப் பாதி முழுக்க ஒரே தொகுதி. தொண்ணூற்று மூன்றில் வெல்டிங் படிக்கப் போனேன். அந்த டிசம்பரில்தான் முதல் தேர்தல். நான் போய் மூன்று மாதம். விடுதியிலிருந்து பார்க்கிறேன், வெளியே முழங்கால் பனி, அதில் ஜனங்கள் பண்டிகைக்குப் போவதுபோல வரிசையில் நிற்கிறார்கள். ஓட்டுச் சாவடியில் பாட்டுப் போடுகிறார்கள், பலகாரக் கடை வைத்திருக்கிறார்கள். எங்கள் இயற்பியல் வாத்தியார்தான் நின்றார், ஜெயித்தும்விட்டார். முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு நாடாளுமன்றத்துக்குப் போனார். இரண்டே வருஷம்.

தொண்ணூற்றைந்தில் இருபத்தொரு பேர் நின்றார்கள். நான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆலையின் இயக்குநர் ஜெயித்தார். சம்பளத்துக்குப் பதிலாக வாணலி கொடுத்த மனுஷன் அவர். வாணலி வாங்கினவர்களே ஓட்டும் போட்டார்கள். தொண்ணூற்றொன்பதில், டி.வி.யில் வயிற்றுக்கு யோசனை சொல்லும் டாக்டர். இரண்டாயிரத்து மூன்றில் யார் என்று கேளுங்கள். யாருமில்லை!

சிரிக்காதீர்கள், உண்மை. அப்போது வாக்குச் சீட்டின் கடைசி வரி "எல்லோருக்கும் எதிராக" என்று இருக்கும். நம் நோட்டா மாதிரி. ஆனால் நோட்டாவுக்குப் பல் கிடையாது, அதற்குப் பல் இருந்தது. அது முதலில் வந்துவிட்டால் தேர்தலே செல்லாது. எங்கள் தொகுதியில் அதுதான் முதலில் வந்தது. மார்ச்சில் மறுபடியும் தேர்தல். அதில் ஒரு ஓய்வு பெற்ற கர்னல் ஜெயித்தார், அவர் முகம் இன்றைக்கு ஒருவருக்கும் நினைவில்லை.

அந்த இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில்தான் நான் வாக்குச்சாவடிக் குழுவில் சேர்ந்தேன். என் மனைவி ரிம்மா எங்கள் பகுதிப் பள்ளியில் பாட்டு டீச்சர். சாவடியே அந்தப் பள்ளிதான், குழுவுக்குச் செயலாளரும் அவள்தான். "ஞாயித்துக்கிழமை வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறே வலேரா, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். வளவன் அவர்கள் வாயில் வலேரா. அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடும்போது வலேரி அழகரோவிச். அப்பாவிடம் போனில் சொன்னபோது ஒரு நிமிடம் சிரித்தார். இந்த வீடு அவர் வாங்கினதுதான். சிரித்தது அந்த ஜன்னல் பக்கத்திலிருந்துதான்.

எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டுப் பெட்டி வேலை. அதாவது, உடம்பு முடியாதவர்கள், நடக்க முடியாதவர்கள் போன் செய்து சொன்னால் போதும், குழுவிலிருந்து இரண்டு பேர் சின்ன வாக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போக வேண்டும். சீல் வைத்த பெட்டி, கை பிடித்துத் தூக்குகிற மாதிரி. பனியில் சறுக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு முப்பது வீடு ஏறினால் தோள் இறங்கிவிடும்.

அந்தப் பட்டியலில் ஒரு பெயர், கலீனா அர்காதியெவ்னா. பதினான்காம் எண் கட்டடம், நான்காவது மாடி. டிராம் ஓட்டியவர். நாங்கள் முதலில் போனபோது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். முழங்கால் போய்விட்டது என்று போனில் சொல்லியிருந்தார். கதவுக்குப் பக்கத்தில் ஊன்றுகோல் சாத்தி வைத்திருந்தது. நான் வெல்டர் டீச்சர், எனக்குத் தேய்மானம் தெரியும். அந்தக் கோலின் நுனி ரப்பர் தேயவே இல்லை. கடையில் வாங்கின மாதிரியே இருந்தது.

உள்ளே மேசை விரிப்பு, மூன்று தட்டு, தேநீர், பிரோக். பிரோக் என்றால் முட்டைக்கோஸை உள்ளே வைத்துச் சுடுவது, தலையணை மாதிரி பெரிதாக இருக்கும். நான் வாக்குச் சீட்டை நீட்டினேன்.

"ஏய் இந்தியாக்காரா, மொதல்ல ஷூவைக் கழட்டு."

கழற்றினேன்.

"இப்ப உக்காரு. மொதல்ல பிரோக். அப்புறம்தான் ஓட்டு."

"கலீனா அர்காதியெவ்னா, இன்னும் இருபத்தாறு வீடு இருக்குங்க."

"அந்த இருபத்தாறு பேருக்கும் படுக்கையிலதான வேலை? எங்கயும் ஓடிப்போக மாட்டாங்க."

பிறகு வாக்குச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்தார். ஒவ்வொருவரையும் பற்றி ஒரு வழக்கு. "இவனா? இவன் என் டிராம்ல டிக்கெட் எடுக்காம வந்தவன், தொண்ணூறுல. இவ புருஷன் நல்லவன், அதனால இவளுக்கு ஓட்டுக் கிடையாது, ஜெயிச்சுட்டா அவனுக்கு நேரமே கொடுக்க மாட்டா." ரிம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். நாற்பது நிமிடம்! கடைசியில் "எல்லோருக்கும் எதிராக" என்பதில் குறி போட்டு, மடித்து, பெட்டியில் போட்டு, பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். வெளியே வரும்போது "கோலை மறந்துட்டீங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனென்றால் வழியனுப்பக் கதவுவரை மடமடவென்று நடந்து வந்தார். ரிம்மா என் காலை மிதித்தாள்.

படியிறங்கும்போது சொன்னேன், "அந்தம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. நம்மள வரவழைக்கிறதுக்காகப் பொய் சொல்லுது."

ரிம்மா, "ஆமா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு அது புரியவே இல்லை டீச்சர். நல்ல காலோடு இருக்கிற ஒருத்தர், அரசாங்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரை நாலு மாடி ஏறவைப்பதா? அதுவும் தேநீர் கொடுத்து உட்காரவைக்கத்தானா? எவ்வளவு தனியாக இருந்தால் ஒரு மனுஷி அப்படிச் செய்வார்? பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே.

இன்னொரு வடை எடுங்கள். சட்னி வைத்திருக்கிறேன் பாருங்கள், காலையில் நானே அரைத்தது. நீங்கள் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னீர்கள், அதனால் பத்துக்கே ஆரம்பித்துவிட்டேன்.

மார்ச்சில் மறுதேர்தலுக்கும் போனோம். அப்போதும் பிரோக், அப்போதும் வழக்கு. பிறகு தொகுதியையே எடுத்துவிட்டார்கள். ஆமாம், தொகுதியே இல்லை. நாடு முழுக்கக் கட்சிப் பட்டியலுக்கு மட்டும் ஓட்டு என்று சட்டம் மாறியது. "எல்லோருக்கும் எதிராக" வரியும் போனது. இரண்டாயிரத்து ஏழில் கலீனா போன் செய்தார், போனோம். சீட்டை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஆளுங்க எங்கடா?"

"ஆள் கிடையாதுங்க. கட்சி மட்டும்தான்."

"அப்ப நான் யாரைத் திட்டுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "யாரையும் திட்ட வேணாங்க, ஒரு குறி போட்டா போதும்." போட்டார். எட்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த வருஷம் முப்பத்தொரு வீட்டையும் மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டோம். என் கைக்கடிகாரத்தை ரிம்மாவிடம் காட்டினேன். பிரோக்கைப் பாதி விட்டுவிட்டு வந்தோம் என்று அவள் சொன்னாள். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கலீனா போனே செய்யவில்லை. பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது என்று குறித்துக்கொண்டேன்.

பதினாறில் தொகுதி திரும்பி வந்தது. திரும்பி வந்தது பழைய தொகுதி இல்லை. நகரத்தைப் பூசணிக்காய் மாதிரி நாலு கீற்றாகக் கீறி, ஒவ்வொரு கீற்றோடும் ஏகப்பட்ட கிராமத்தைச் சேர்த்துவிட்டார்கள். எங்கள் அக்கரையில் கோடு டிராம் பாதை மேல் போனது. பள்ளிக்கூடம் கோட்டுக்கு இந்தப் பக்கம். பதினான்காம் எண் கட்டடம் அந்தப் பக்கம். நடுவில் இருபது அடி. ஆனால் வேறு தொகுதி, வேறு சாவடி, வேறு பட்டியல். அந்த வருஷம் நான்தான் குழுத் தலைவர்.

ஞாயிறு காலை போன் அடித்தது. "இந்தியாக்காரா! பேரெல்லாம் திரும்ப வந்துருச்சாமே? பெட்டியைத் தூக்கிட்டு வா, என் முட்டி ரொம்ப மோசம்."

நான் பட்டியலைப் பார்த்தேன். இல்லை. கட்டடமே இல்லை. மரியாதையாகச் சொன்னேன், "கலீனா அர்காதியெவ்னா, உங்க கட்டடம் இப்ப எங்க சாவடியில இல்ல. நம்பர் தரேன், எழுதிக்குங்க, அவங்க வருவாங்க."

"அவங்க யாரு?"

"அந்தச் சாவடிக் குழு."

"எனக்கு அவங்களைத் தெரியாதே."

"தெரியணும்னு அவசியமில்லைங்க. பெட்டி ஒரே பெட்டிதான்."

நம்பரை இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எழுதிக்கொண்டாரா என்றும் கேட்டேன். இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது டீச்சர். நீங்களும் இதே வேலை பார்க்கிறவர், நீங்களே சொல்லுங்கள். உங்கள் பாகத்துப் பட்டியலில் இல்லாத ஆளுக்கு நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவீர்களா? போக மாட்டீர்கள்தானே?

மதியம் இருக்கும். சாவடிக்குள் ஒரே அமைதி. கதவைப் பார்க்கிறேன், கலீனா வருகிறார். கோல் இல்லை. நான்கு மாடி இறங்கி, டிராம் பாதை தாண்டி, நேராக நடந்து வருகிறார். கையில் துண்டு போட்டு மூடின பாத்திரம். குழுவில் பழைய ஆட்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக நடக்க முடியாதவர் என்று நாங்கள் எழுதி வைத்திருந்த மனுஷி. அவர் முகம் சிவந்துபோயிருந்தது, வெயிலாக இருக்கும்.

நான் எழுந்து போய்ச் சொன்னேன், "உங்களுக்கு இங்க ஓட்டு இல்லைங்க. காலையிலயே சொன்னேனே."

"ஓட்டுப் போட யாரு வந்தா?" என்றார். பாத்திரத்தை நீட்டினார். "இவ்ளோத்தையும் யாரு தின்னுறது?"

சாவடிக்குள் வாக்காளர் கையிலிருந்து குழு உறுப்பினர் எதையும் வாங்கக் கூடாது. பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள். "மன்னிச்சுக்குங்க, உள்ள எதையும் வாங்க முடியாது," என்று சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவர் அப்படியே நின்றார். அந்த அம்மா திட்டாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ரிம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். அவர் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனாள். பள்ளி நடையில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்து, முட்டி தாடையில் இடிக்க, கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. செயலாளர் இருக்கை ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடம் காலி. அதை நான் குறிப்பேட்டில் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். மனைவி என்று விட்டேன். அந்த அளவுக்கு நான் விதியை வளைத்தவன்தான் டீச்சர், என்னை ஒரேயடியாகக் கல் என்று நினைக்காதீர்கள்.

மறுநாள் காலை கஞ்சி குடிக்கும்போது ரிம்மாவிடம் கேட்டேன், "நான் சொன்னது சரிதான?"

"சரிதான் வலேரா," என்றாள். "நீ எப்பவும் சரியாத்தான் சொல்றே."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினேழு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பாராட்டினதே இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரிம்மா டிராம் பாதையைத் தாண்டிப் போய்விடுவாள். "நீயும் வரியா?" என்று முதல் இரண்டு தடவை கேட்டாள். தேர்தல் இல்லாத நாளில் நான் எதற்குப் போக வேண்டும்? பதினெட்டாம் வருஷ வசந்தத்தில் கலினின்கிராதில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரு மாதம் போய் வருகிறேன் என்று கிளம்பினாள். அங்கே ஒரு பள்ளியில் பாட்டுக்கு ஆள் கேட்கிறார்களாம் என்று போன் வந்தது. அப்புறம் குளிர்கால உடுப்பையெல்லாம் அனுப்பச் சொல்லிப் போன் வந்தது. அனுப்பினேன். ஒரு பொத்தான் விடாமல் பட்டியல் போட்டு அனுப்பினேன்.

இதற்கும் கலீனா விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை. சிலர் முடிச்சுப் போடுவார்கள். எனக்குத் தோன்றுவது என்னவென்றால், எல்லாம் அந்தக் கோட்டினால் வந்தது. இருபது அடி தள்ளிப் போட்டிருந்தால் பதினான்காம் எண் கட்டடம் எங்கள் பக்கம் இருந்திருக்கும், நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மேலிடத்துக்கு இதைப் பற்றி மூன்று கடிதம் எழுதினேன். வரைபடம் வைத்து எழுதினேன். பதில் இல்லை.

இருபத்தொன்றில் மூன்று நாள் தேர்தல். அதையும் தலைவராக நடத்திக் கொடுத்தேன். வீட்டுப் பெட்டிக்கு வேறு இரண்டு பேரை அனுப்பினேன், சின்னவர்கள், வேகமாக வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே எனக்கு என்ன வேலை? அப்பாவும் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடந்தது, வந்துவிட்டேன். பதினொரு மாதம் ஆகிறது. திருச்சி மாறியிருக்கிறது. ஆனால் ஜனங்கள் நல்லவர்கள், ஒருவரும் தொந்தரவு செய்வதில்லை.

எழுந்துவிட்டீர்களா? சரி, சரி. பேனா கொடுங்கள். உங்கள் பேனாவிலேயே போடுகிறேன். இங்கேதானே? தமிழிலா, இங்கிலீஷிலா? தமிழில் போடுகிறேன். எழுதி ரொம்ப நாளாயிற்று, வ கொஞ்சம் கோணிவிட்டது. தேதி. ஆயிற்று. பாருங்கள், ஒரு தகராறும் பண்ணவில்லை.

சாட்சியா? அதற்கும் ஒருவர் போட வேண்டுமா? இங்கே வசிக்கிறவர், என்னைத் தெரிந்தவர். வாட்ச்மேன் போட்டால் செல்லாதா? அதுவும் சரி, அவர் போன வாரம்தான் வந்தார். நீங்கள் போட முடியாதா டீச்சர்? உங்களுக்கு என்னைத் தெரியுமே. மூன்று தடவை வந்திருக்கிறீர்கள்... சரி, விசாரணை அதிகாரியே சாட்சி ஆகக் கூடாது. நியாயம்தான். நானாக இருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இருங்கள். எதிர் வீட்டில் கேட்கிறேன். ஆள் இருக்கிறார்கள், காலையில் குக்கர் சத்தம் கேட்டது. ஐந்தே நிமிடம். நீங்கள் இன்னொரு வாய் தேநீர் குடித்துக்கொண்டிருங்கள்.

...

போட மாட்டேன் என்றுவிட்டார்கள் டீச்சர்.

இல்லை, கோபமாக இல்லை. நல்ல மாதிரிதான் பேசினார்கள். அந்த வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்து, தாளை வாங்கி, முழுதாகப் படித்தார்கள். "'மேற்படி நபரை நான் நேரில் அறிவேன்'னு போட்டிருக்கே சார். உங்களை லிஃப்ட்ல ரெண்டு தடவை பாத்திருக்கேன். பேரே இதுல படிச்சுத்தான் தெரியுது. அறியாம அறிவேன்னு எப்படி சார் போடுறது? தப்பா எடுத்துக்காதீங்க." நான் என்ன சொல்ல முடியும்? "நீங்க சொல்றது சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு பிழை இல்லை. உள்ளே யாரோ, "யாருங்க அது?" என்று கேட்டார்கள். "தெரியலை, ஏதோ ஃபாரம்," என்றார்கள். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

பக்கத்து வீடு பூட்டியிருக்கிறது. மாடிக்குப் போகவில்லை. மேலேயும் இதையேதான் சொல்வார்கள்.

அப்படியென்றால் நீங்கள் இன்னொரு நாள் வர வேண்டியிருக்குமா? சனிக்கிழமை வந்தாலும் சரி, எனக்கு எந்த நாளும்... வேண்டாமா? இப்படியே முடித்துவிடலாமா? எப்படி? என்ன குறிக்கிறீர்கள், கொஞ்சம் காட்டுங்கள், கண்ணாடி எடுத்துக்கொள்கிறேன்.

"விண்ணப்பதாரரை அக்கம்பக்கத்தினர் எவரும் அறியவில்லை."

கையால் எழுதவில்லையே நீங்கள். டிக்தான் போட்டீர்கள். அச்சிலேயே இருக்கிறது. இதற்கென்று ஒரு கட்டமே அடித்து வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் நிறையப் பேர் இருக்கிறோம் போலிருக்கிறது, டீச்சர்.